வெளிமூலத்துக்கு கிரேடு கிடையாது: அது எவ்வளவு தீவிரம் என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். மூன்று நாளுக்கு முன் காலையில் முக்கி மலம் கழித்து எழுந்தபோது, ஆசனவாய் ஓரத்தில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டிருக்கிறது. மாலைக்குள் வலி பிடித்துக்கொண்டது. ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. இணையத்தில் தேடியபோது மூலத்துக்கு நான்கு நிலைகள் என்றும், வெளியே வந்து உள்ளே போகாமல் நிற்பது நான்காம் நிலை என்றும் படித்திருக்கிறீர்கள். உங்களுடையது வெளியேதான் நிற்கிறது, தள்ளினாலும் போகவில்லை. அப்படியானால் இது கடைசி நிலையா, உடனே ஆபரேஷனா என்று கேட்கிறீர்கள். டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கடைசி நிலை இல்லை. நீங்கள் அளக்க எடுத்த கோல் வேறொரு நோய்க்கானது. இனி அதைத் தள்ளிப் பார்க்காதீர்கள். அது உள்ளே போகவேண்டிய பொருளே அல்ல, தள்ளத் தள்ள வீக்கம்தான் கூடும்.

அந்த நான்கு நிலைக் கணக்கு கோலிகர் என்ற அறுவை மருத்துவரின் பெயரில் வழங்குவது. அது முழுக்க உள்மூலத்துக்கானது. ரத்தம் மட்டும் வந்து, சதை வெளியே தலைகாட்டாமல் இருந்தால் முதல் நிலை. முக்கும்போது இறங்கி, முடிந்ததும் தானாக ஏறிக்கொண்டால் இரண்டு. விரலால் தள்ளினால்தான் ஏறும் என்றால் மூன்று. தள்ளியும் ஏறாவிட்டால் நான்கு. இந்தக் கணக்கு வலியையும் பார்க்கவில்லை, ரத்தத்தின் அளவையும் பார்க்கவில்லை. சதை தன் இடத்தைவிட்டு எவ்வளவு இறங்கிவிட்டது என்பது ஒன்றுதான் அதற்குக் கேள்வி. வெளிமூலம் பிறந்ததே வெளியில். திண்ணையிலேயே குடியிருப்பவனைப் பிடித்து, "வீட்டைவிட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டாய்?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

மருத்துவச் சீட்டுகளிலேயே 'வெளிமூலம், கிரேடு 3' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் மனதில் உள்ளும் வெளியும் சேர்ந்த கலப்பு மூலம் இருந்திருக்கலாம். எப்படியோ, அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நோயாளி ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடப்பார். வெளிமூலத்துக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட நிலைக் கணக்கு எதுவும் கிடையாது. அதற்காகத் தீவிரத்தை அளக்கவே முடியாது என்று அர்த்தமில்லை. கட்டியின் அளவை விட்டுவிட்டு, எப்போது தொடங்கியது, வலி ஏறுகிறதா இறங்குகிறதா, கூடவே உடம்பில் வேறென்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். நாளும் நேரமும் தெரிந்துவிட்டால் பாதி விடை வந்துவிடும்.

உள்மூலம், வெளிமூலம் என்று பிரிப்பது எதை வைத்து என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிதில் விளங்கும். ஆசனவாய் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. உள்ளே, சீப்பின் பற்களை வரிசையாக வைத்ததுபோல ஒரு கோடு சுற்றி ஓடுகிறது. அதற்கு மேலே இருப்பது குடலின் மென்சவ்வு, கீழே இருப்பது தோல். கோட்டுக்கு மேலே வருவது உள்மூலம், கீழே வருவது வெளிமூலம். மேல்பகுதிக்குக் கூர்மையான வலி தெரியாது; ஏதோ பாரமாக இருக்கிறது, இழுக்கிறது என்று மந்தமாக உணரும், அவ்வளவுதான். அதனால்தான் உள்மூலம் வலிக்காமல் சொட்டுச் சொட்டாக ரத்தம் விடுகிறது. கீழ்ப்பகுதியில் விரல் நுனியைப் போல நரம்புகள் நெருங்கிக் கிடக்கின்றன. சின்னக் கீறலையும் அது விட்டுவைக்காது. உள்மூலத்துக்குப் போடும் ரப்பர் வளையத்தை மயக்க ஊசிகூட இல்லாமல் போட்டு அனுப்புகிறார்களே, அது இந்தக் கோட்டுக்கு மேலே போடுவதால்தான் முடிகிறது. அதே வளையத்தை வெளிமூலத்தில் போட்டால் நோயாளி மேசையிலிருந்து எழுந்து ஓடிவிடுவார். வளையம் வெளிமூலத்துக்கான சிகிச்சையே அல்ல.

இன்னொரு சங்கதி. வெளிமூலம் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சமாசாரங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, வெறும் வீக்கம். முக்கும்போதோ, வெகுநேரம் உட்கார்ந்திருந்தாலோ, விளிம்பிலுள்ள ரத்தநாளங்கள் புடைத்துக்கொள்ளும். தொட்டால் மெத்தென்று இருக்கும், தோல் நிறத்திலேயே இருக்கும், கொஞ்சம் அரிக்கும். படுத்து எழுந்தால் வடிந்துவிடும். தீவிரம் என்று எதுவும் இதில் இல்லை. மலச்சிக்கலைக் கவனித்தால் போதும்.

இரண்டாவது, தோல் தொங்கல். எப்போதோ வீங்கி வடிந்த இடத்தில் தோல் மட்டும் காலியான பை மாதிரி மிஞ்சியிருக்கும். வலிக்காது, நிறம் மாறாது, வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். கழுவுவதற்குச் சற்று இடைஞ்சல். பலர் இதை 'முற்றிய மூலம்' என்று பயப்படுகிறார்கள். உண்மையில் இது பழைய வீக்கத்தின் தழும்பு மாதிரி. எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி.

மூன்றாவதுதான் ஆளைப் புரட்டிப்போடுவது: ரத்தம் உறைந்த வெளிமூலம். உங்களுடையது ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொன்ன வரலாறு அச்சு அசலாக இதற்குரியது. தோலுக்கு அடியிலுள்ள சின்ன நாளத்தில் ரத்தம் கட்டியாக உறைந்துவிடுகிறது. முக்கியது, பாரம் தூக்கியது, நீண்ட பயணம், வயிற்றுப்போக்கு, பிரசவம் என்று ஏதாவது ஒன்று முன்னால் நடந்திருக்கும். சிலருக்கு ஒன்றுமே இருக்காது. கட்டி திடீரென்று வரும். "நேற்று இல்லை, இன்று இருக்கிறது" என்று நேரத்தோடு சொல்வார்கள். மெல்ல மெல்ல வளர்ந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அதைப்பற்றிக் கீழே சொல்கிறேன்.

இந்த உறைகட்டிக்கு ஒரு நாட்காட்டி உண்டு. முதல் நாள் வலி ஏறும். இரண்டாம், மூன்றாம் நாளில், அதாவது 48 முதல் 72 மணி நேரத்துக்குள், உச்சத்தைத் தொடும். அதன்பின் தானாக இறங்க ஆரம்பிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் வலி பெரும்பாலும் போய்விடும். கட்டி மட்டும் உடனே போகாது. உடம்பு அந்த உறைந்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கச் சில வாரங்கள் ஆகும். வலி போன பிறகும் கட்டி இருக்கிறதே என்று பதறுபவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும்.

தீவிரத்தைப் பார்க்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு பெரிசு?" அல்ல. "நேற்றைக்கு இன்றைக்கு எப்படி?" என்பதுதான். நேற்றைவிட இன்று வலி ஒரு படியாவது குறைந்திருந்தால், கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நீங்கள் மலையைக் கடந்து இறங்க ஆரம்பித்துவிட்டீர்கள். நான்காம் நாள், ஐந்தாம் நாளிலும் வலி ஏறிக்கொண்டே போனால் இந்த நாட்காட்டியோடு அது பொருந்தவில்லை. அப்போது வேறு ஏதோ நடக்கிறது.

பருமனும் வலியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்கூட இருக்கும். பட்டாணி அளவு உறைகட்டி, தோலை மத்தளம் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால் உயிர் போகிற வலி இருக்கும். 3 செ.மீ. வீக்கம் தளதளவென்று இருந்தால் ஆள் சாதாரணமாக நடந்து வருவார். வலியைத் தருவது தோலின் இறுக்கம்தான்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்பது வழக்கம். கேட்பேன், ஆனால் பெரிதாக நம்பமாட்டேன். அறைக்குள் நுழைகிற விதமே சொல்லிவிடும். நாற்காலியைக் காட்டினால் "பரவாயில்லை, நிற்கிறேன்" என்பவர் ஒரு ரகம். நாற்காலியின் ஓரத்தில், ஒரு பக்கப் புட்டத்தை மட்டும் ஊன்றி, இன்னொரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேசை விளிம்பை இறுகப் பற்றியபடி உட்காருபவர் இன்னொரு ரகம். இரண்டும் கடுமை. சாதாரணமாக உட்கார்ந்து, பத்து நிமிஷம் கழித்து மெல்ல நெளிகிறவர் நடுத்தரம். நீங்களே உங்களை இப்படிக் கேட்டுக்கொள்ளலாம். இரவில் வலி எழுப்புகிறதா? மலம் கழிக்கப் பயந்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டீர்களா? மாத்திரை போட்ட பிறகும் வேலைக்குப் போக முடியவில்லையா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றால்கூட அது கடுமையான கணக்கில்தான் சேரும். இன்னொன்றைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: சிறுநீர் கழிக்க முடிகிறதா? வலியில் அந்தப் பகுதித் தசையெல்லாம் இறுகிப்போய், சிறுநீர் அடைத்துக்கொள்வது உண்டு. ஆறேழு மணி நேரமாக முட்டுகிறது, ஆனால் போகவில்லை என்றால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

இனி கண்ணால் பார்ப்பது. வீட்டில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இருபது முறை பார்ப்பதும் தடவுவதும் கெடுதல். கையைக் கழுவிக்கொண்டு, தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் குந்துங்கள், அல்லது ஒருக்களித்துப் படுத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படம் இரண்டு நாள் கழித்து ஒப்பிடவும் உதவும், டாக்டரிடம் பேச்சைத் தொடங்கவும் உதவும். நீலம் பாய்ந்த ஊதா நிறத்தில், உருண்டையாக, மெல்லிய தோலுக்கு அடியில் திராட்சை மாதிரி ஒன்று, விளிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அது உறைகட்டி. அதன் மேல்தோல் பளபளவென்று முழுசாக இருக்கிறதா, நடுவில் கருத்து மெலிந்து கிழியப்போவது போல இருக்கிறதா என்று பாருங்கள்.

மெலிந்திருந்தால் அது உடையலாம். உடைந்தால் கருஞ்சிவப்பு ரத்தமும், கூடவே கட்டி கட்டியாகக் கருப்பாகவும் வரும். உள்ளாடை நனைந்ததும் ஆள் நடுங்கிப்போவார். ஆனால் அதோடு வலி பட்டென்று குறையும். இதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன்: "ரத்தத்தைப் பார்த்துப் பயந்தேன், ஆனால் அன்றைக்குத்தான் தூங்கினேன்." சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்து நிமிஷம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். சொட்டுச் சொட்டாக ஓரிரு நாள் கசிவது சகஜம். அழுத்தியும் நிற்காமல் ஓடினாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கட்டி உடையாமலே ரத்தம் வருகிறதென்றால் கதை வேறு. வெளிமூலம், தோல் கிழியாதவரை ரத்தம் விடாது. மலத்தோடு பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தால் அது உள்மூலத்திலிருந்தோ, ஆசனவாய் வெடிப்பிலிருந்தோ, அதற்கும் மேலே குடலிலிருந்தோ வருகிறது. வெளியே ஒரு கட்டி கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக எல்லா ரத்தத்தையும் அதன் தலையில் கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கிற மிகப் பெரிய தவறு. மூலம் எல்லோருக்கும் வரக்கூடியது. குடல் புற்றுநோய் உள்ளவருக்கும் மூலம் இருக்கும். 45 வயதைத் தாண்டியவர், குடும்பத்தில் குடல் புற்றுநோய் உள்ளவர், சில வாரங்களாக மலம் போகும் பழக்கமே மாறியவர், காரணமில்லாமல் எடை குறைந்தவர், ரத்தசோகை உள்ளவர், இவர்களில் யாருக்கு ரத்தம் வந்தாலும் "மூலம்தான்" என்று சொல்லி அனுப்பக் கூடாது. கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, அதுவரை போய்ப் பார்க்கவேண்டும். மலம் தார் மாதிரி கருப்பாகப் போனால் அந்த ரத்தம் இரைப்பைப் பக்கத்திலிருந்து வருகிறது. இரும்பு மாத்திரை சாப்பிடுபவருக்கும் மலம் கருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லப்போனால், வெளிமூலத்தால் உயிருக்கு ஆபத்து வருவது மிக அபூர்வம். அதன் வேஷத்தில் வருகிறவைதான் ஆபத்தானவை. தீவிரத்தை அளப்பது என்பதில் பாதி வேலை, இது வெளிமூலம்தானா என்று உறுதி செய்துகொள்வது.

அடிக்கடி ஏமாற்றுவது சீழ்க்கட்டி. ஆசனவாய் ஓரத்திலுள்ள சுரப்பி அடைத்து, கிருமி புகுந்து சீழ் பிடிக்கிறது. வலி விண்விண்ணென்று தெறிக்கும், நாளுக்கு நாள் கூடும், இரவில் தூங்கவிடாது. கட்டிக்கு உறைகட்டி மாதிரி தெளிவான விளிம்பு இருக்காது. சுற்றியுள்ள தோல் சிவந்து, சூடாக, கெட்டியாக இருக்கும். நிறம் ஊதா அல்ல, சிவப்பு. காய்ச்சலோ குளிரோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆழத்தில் உள்ள சீழ் வெளியே எதையும் காட்டாமல் வலியை மட்டும் தரும். இதற்கு களிம்பும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. கீறிச் சீழை வெளியேற்றவேண்டும். தாமதித்தால் பிறகு பௌத்திரமாக நின்றுவிடக்கூடும். சர்க்கரை நோய் உள்ளவர், கீமோதெரபியில் இருப்பவர், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவர்களுக்கு இந்தக் கிருமி தோலுக்கு அடியில் வேகமாகப் பரவி, விதைப்பை, தொடை வரை சதையை அழுகச் செய்யும். தோல் கருத்து, நாற்றம் எடுத்து, பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரிகிற இடத்தில் தாங்க முடியாத வலி இருந்தால் அது மணிக்கணக்கில் முடிவெடுக்கவேண்டிய அவசரம்.

வெடிப்பு இன்னொன்று. மலம் போகும்போது கத்தியால் கீறுவது போலவும், போன பிறகு அரை மணி முதல் சில மணி நேரம்வரை எரிச்சலாகவும் வலித்து, அப்புறம் அடங்கிவிடும். உறைகட்டி இப்படி மலத்தோடு கூடிக் குறைவதோடு நிற்காது, எப்போதும் இருக்கும். வெடிப்பு நாட்பட்டால் அதன் வாசலில் ஒரு தோல் தொங்கல் காவல்காரன் மாதிரி முளைக்கும். அதைப் பார்த்துவிட்டு மூலம் என்று மாதக்கணக்கில் மூலக் களிம்பைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர்.

மூன்றாவது, நீங்கள் படித்த அந்த நான்காம் நிலை. உள்மூலம் மொத்தமாக வெளியே வந்து, ஆசனவாய்த் தசை அதன் கழுத்தை நெரித்துப் பிடித்துக்கொண்டால், ஒரு பக்கம் மட்டுமல்ல, சுற்றிவரப் பூ மலர்ந்தது மாதிரி ஊதா நிறச் சதை நிற்கும். ஈரமாக, சளி கசிந்தபடி, சில இடங்களில் கருத்துப்போய் இருக்கும். உறைகட்டி தோலால் மூடி உலர்ந்திருக்கும். இது சவ்வால் மூடி நனைந்திருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணாடியில் பார்த்தே பிடித்துவிடலாம். இது மருத்துவமனையில் சேரவேண்டிய கேஸ்.

மெல்ல வளர்ந்த கட்டியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வளர்வது, கல் மாதிரி கெட்டியாக இருப்பது, மேல்பரப்பு புண்ணாகி ஆறாமல் இருப்பது, காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பாக இருப்பது, இடுப்பு மடிப்பில் நெறி கட்டுவது: இவை எதுவும் வெளிமூலத்தின் குணம் அல்ல. ஆசனவாய் மரு, ஆசனவாய்ப் புற்று, அபூர்வமாக மெலனோமா என்ற நிறமிப் புற்று என்று ஏதாவது இருக்கலாம். மெலனோமா கருநீலமாக இருந்து உறைகட்டியாகவே ஏமாற்றிவிடும். அதனால்தான் ஆறு வாரம் கடந்தும் கரையாமல் கெட்டியாக நிற்கும் எந்தக் கட்டியையும் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் ரத்தநாளங்களே புடைத்து நீலமாகத் தெரியும். அழுத்தினால் அமுங்கி மறுபடி நிரம்பும். மூலம் என்று நினைத்து அதில் கத்தி வைத்தால் விபரீதம்.

சரி, உறைகட்டிதான் என்று உறுதியாகிவிட்டது. ஆபரேஷன் வேண்டுமா? இங்கேயும் நாட்காட்டிதான் பதில் சொல்கிறது. தொடங்கி 72 மணி நேரத்துக்குள், வலி கடுமையாக இருந்தால், எடுத்துவிடுவது லாபம். வலி சீக்கிரம் போகும், திரும்ப வருவதும் குறையும். வலி இறங்க ஆரம்பித்த பிறகு வெட்டினால், ஆறிக்கொண்டிருந்த வலிக்குப் பதிலாகப் புதுப் புண்ணின் வலியை வாங்கிக்கொள்வீர்கள். அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டு ஐந்தாம் நாள் வந்து "வெட்டி எடுங்கள்" என்று கேட்பவரிடம், இன்னும் மூன்று நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும்.

ஆபரேஷன் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கட்டியின் அடியில் மெல்லிய ஊசியால் மரத்துப்போகும் மருந்து போடுவோம். உண்மையில் வலிப்பது அந்த அரை நிமிஷம்தான். மரத்த பிறகு, கட்டியின் மேலிருந்து இலை வடிவத்தில் ஒரு துண்டுத் தோலை வெட்டினால், அடியில் கருப்பாக, வழவழவென்று, ஒரு பொட்டலத்துக்குள் அடுக்கிவைத்தது மாதிரி உறைந்த ரத்தம் தெரியும். அந்தப் பொட்டலத்தோடு சேர்த்து எடுத்துவிடவேண்டும். வெறுமனே ஒரு கீறல் போட்டு, கட்டியைப் பிதுக்கி எடுத்துவிட்டால் அந்த நேரத்துக்கு நிம்மதி. ஆனால் கீறிய வாய் மூடிக்கொண்டு மறுபடி அங்கேயே உறைவது அதிகம். இதை வீட்டில் ஊசியால் குத்திப் பார்க்கிறவர்களும் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். புண்ணைத் தைக்காமல் திறந்தே விடுவோம், ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்; நீங்களாக அதை நிறுத்திவிட்டு வராதீர்கள்.

காத்திருக்கிற வழியில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். இடுப்பு அமிழ்கிற தொட்டியில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம், நாளைக்கு இரண்டு மூன்று முறை உட்காருங்கள். உப்பு, கிருமிநாசினி எதுவும் தேவையில்லை. வலிக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம்; வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இவை இல்லாதவர் இபுப்ரோஃபெனும் எடுத்துக்கொள்ளலாம். கோடீன் கலந்த மாத்திரை வலியைக் குறைத்து மலத்தை இறுக்கும்; இங்கே அது பகை. லிடோகெய்ன் களிம்பு மரத்துப்போகச் செய்யும். நிஃபெடிபின் கலந்த களிம்பை டாக்டர் எழுதித் தந்தால், அது உள்தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி நன்றாகவே உதவும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் தடவவேண்டாம், தோல் மெலிந்துவிடும். மலம் இளக நார்ச்சத்தை நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை படிப்படியாக ஏற்றுங்கள். இசப்கோல் சாப்பிடுவதானால் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், குறைத்தால் அதுவே அடைக்கும். கழிப்பறைக்குக் கைப்பேசியை எடுத்துப்போகாதீர்கள். ஐந்து நிமிஷத்தில் வராத மலம் அரைமணி உட்கார்ந்தாலும் வராது, வீக்கம்தான் வரும்.

அரிப்பை நிறைய பேர் கேட்கிறார்கள். அரிப்பு தீவிரத்தின் அடையாளம் அல்ல. பெரும்பாலும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதால் வருவது. வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடையுங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களிலும் பிரசவம் ஆன புதிதிலும் உறைகட்டி சர்வசாதாரணம். நாட்காட்டி அதேதான், மருந்தை மட்டும் அவர்களைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்டு எடுக்கவேண்டும். சின்னக் குழந்தைக்கு அந்த இடத்தில் கட்டி இருந்தால் மூலம் என்று நினைக்கவே வேண்டாம், அவர்களுக்கு அது அபூர்வம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூச்சத்தைப் பற்றி. உள்ளே நடப்பது இவ்வளவுதான்: இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மார்பு நோக்கி மடக்கிப் படுப்பீர்கள். இடுப்பிலிருந்து ஒரு துணி போர்த்தியிருக்கும். டாக்டர் புட்டத்தை விலக்கிப் பார்ப்பார், கட்டியைச் சுற்றித் தொட்டுப் பார்ப்பார். முக்கச் சொல்லலாம், உள்ளிருந்து ஏதாவது இறங்குகிறதா என்று பார்க்க. வலி கடுமையாக இருந்தால் விரலையோ குழாயையோ உள்ளே விடுவதை அன்றைக்குச் செய்யாமல், வலி அடங்கிய பிறகு ஒரு நாள் வரச்சொல்வார். விடவே வேண்டும் என்று அவசரப்பட்டால், "இன்றைக்கு வேண்டாம்" என்று நீங்களே சொல்லலாம். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நிமிஷம். பெண் மருத்துவர் வேண்டும், ஆண் மருத்துவர் வேண்டும், கூட ஒருவர் இருக்கவேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. எங்களுக்கு இது பத்தோடு பதினொன்று. படுக்கையிலிருந்து இறங்கும்போது பெரும்பாலானவர்கள் சொல்வது, "இதுக்கா மூணு நாள் யோசிச்சேன்!"

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று மூன்றாம் நாள் முடிகிறது, அதாவது எடுப்பதா விடுவதா என்ற வாசலில் நிற்கிறீர்கள். இன்று காலை வலி நேற்றுக் காலையைவிட ஒரு துளியாவது குறைந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் வெதுவெதுப்பான நீரும் மாத்திரையும் போதும். கூடியிருந்தால், அல்லது தூங்கவிடாத அளவுக்கு அப்படியே நின்றால், நாளைக்கு என்று வைக்காமல் இன்றே ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல், சுற்றியுள்ள தோல் சிவப்பு, சிறுநீர் அடைப்பு, நிற்காத ரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் நேரம் காலம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு. சர்க்கரை இருக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. போகும்போது உங்கள் மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வலி போய்க் கட்டி மட்டும் மிஞ்சினால், இன்றைய தேதியைக் குறித்துவைத்து ஆறு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் கெட்டியாக இருந்தால், வலிக்கவில்லை என்றாலும், போய்க் காட்டுங்கள்.